மிச்ச மின்சாரம் எங்கே போகிறது?

1990களில் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சப்ரகமுவ மலைகளிலும் ஓடைக்கு ஓடை கிராமத்து நீர்மின் நிலையங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். தகரக் கூரை போட்ட சிறு அறை. உள்ளே ஒரு டர்பைன், அதோடு பிணைத்த மோட்டர், சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் ஹீட்டர் கம்பிகள். மாலையில் ஊர் முழுக்க விளக்கு எரியும்போது அந்த ஹீட்டர் சும்மா கிடக்கும். இரவு ஊர் விளக்கணைத்துப் படுத்த பிறகுதான் அது முழு மூச்சில் சுட ஆரம்பிக்கும். அந்த வெந்நீரில் குளிக்க யாரும் வரப்போவதில்லை.

முதன்முதலில் பார்க்கிறவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஊரார் சேர்ந்து கால்வாய் வெட்டி, குழாய் சுமந்து, சங்கம் அமைத்து உண்டாக்கிய மின்சாரம் அது. அதை வேண்டுமென்றே தண்ணீரில் கரைக்க ஒரு கருவியா? ஆனால் ஓடைக்கு ஊர் தூங்கிவிட்டது தெரியாது. தண்ணீர் அதே வேகத்தில் டர்பைனை அடித்துக்கொண்டேயிருக்கும். பெரிய மின் நிலையங்களில் சுமை குறைந்தால் தண்ணீர் வரத்தைக் குறைக்கும் கவர்னர் இருக்கிறது. ஒரு கிராமத்துச் சங்கத்துக்கு அந்த இயந்திரம் கட்டுப்படியாகாது. ஹீட்டர் இல்லாவிட்டால் இரவில் டர்பைன் தறிகெட்டுச் சுழலும், வோல்டேஜ் ஏறும், எரிகிற இரண்டொரு பல்பும் வெடிக்கும். ஆகவே இரும்புப் பெட்டி ஒரே ஒரு வேலையைச் செய்கிறது. ஊர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று அளந்து, அவ்வளவையும் ஹீட்டருக்குத் தள்ளுகிறது. இயந்திரம் எப்போதும் ஒரே சுமையைத்தான் உணர்கிறது.

அங்கே ஜெனரேட்டர் என்று நின்றது, பெரும்பாலும், கடையில் வாங்கிய சாதாரண இன்டக்ஷன் மோட்டர். அதைத் தலைகீழாக ஓட்டி, கப்பாசிட்டர்களால் உயிர்ப்பித்து, மூன்று பேஸ் மோட்டரிலிருந்து ஒற்றைப் பேஸ் மின்சாரம் எடுப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. ஒரு பக்கம் ஒரு கப்பாசிட்டர், இன்னொரு பக்கம் அதன் இரட்டிப்பு அளவில் ஒன்று. பிரித்தானியப் பொறியியலாளர் நைஜல் ஸ்மித் 1994இல் வெளியிட்ட சிறு கைநூல் இதையெல்லாம் மோட்டர் திருத்துகிறவருக்கும் விளங்கும்படி சொல்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜானக ஏக்கநாயக்க 2002இல் சிறு நீர்மின் நிலையங்களுக்கான இன்டக்ஷன் ஜெனரேட்டர்கள் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் ஸ்மார்ட் கிரிட் என்னும் நவீன மின்வலையமைப்பு பற்றிய உலகப் பாடநூல் ஒன்றின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தவரும் அவர்தான். ஓடைக்கரைத் தகரக் கொட்டகையிலிருந்து ஸ்மார்ட் கிரிட் வரைக்கும் தூரம் அதிகமில்லை என்பதற்கு அவரது வாழ்க்கையே ஆதாரம்.

வலு இலத்திரனியலை, அதாவது மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் சுற்றுகளின் கலையை, வயது போன காலத்தில் நான் படிக்கத் தொடங்கியபோது இந்த ஹீட்டர்தான் எனக்கு நுழைவாயிலாக இருந்தது. பாடநூல்கள் வழக்கமாக வேறொரு வாயிலால் உள்ளே கூட்டிப்போகும். டயோட், தைரிஸ்டர், மொஸ்பெட் என்று சாமான்களை வரிசையாக அறிமுகப்படுத்திவிட்டு, அதன்பிறகு சுற்றுகளுக்கு வரும். அப்படிப் படித்தால் பெயர்கள் மனப்பாடமாகும், விஷயம் பிடிபடாது. மிச்சம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு சுற்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே படித்தால், சாமான்கள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பது தானாக விளங்க ஆரம்பிக்கிறது.

மிக எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம். 12 வோல்ட் பற்றரி இருக்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் ஒரு கருவி இருக்கிறது. அது 1 அம்பியர் எடுக்கும். நடுவில் என்ன வைப்பது? பழைய விடை, ஒரு லீனியர் ரெகுலேட்டர். மூன்று கால் உள்ள சின்னச் சில்லு அது. வேண்டாத 7 வோல்ட்டையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். 7 வோல்ட், 1 அம்பியர், ஆக 7 வாட் வெப்பம். கருவிக்குப் போவது 5 வாட். பற்றரி கொடுத்த 12 வாட்டில் பாதிக்கு மேல் அலுமினியத் தகட்டைச் சுடவைப்பதற்கே போய்விடுகிறது. வினைத்திறன் 42 வீதம்கூட இல்லை. இங்கேயும் ஒரு ஹீட்டர் ஒளிந்திருக்கிறது. கிராமத்து ஹீட்டராவது தேவைப்படும்போது மட்டும் சுடும். இது சுமை இருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும்.

புதிய விடை ஒரு சுவிட்ச். முழுதாக மூடிய சுவிட்ச்சில் மின்னோட்டம் இருக்கும், வோல்டேஜ் அநேகமாக இராது. முழுதாகத் திறந்த சுவிட்ச்சில் வோல்டேஜ் இருக்கும், மின்னோட்டம் இராது. இரண்டையும் பெருக்கினால்தான் வெப்பம், ஆகவே இரண்டு நிலையிலும் வெப்பம் பூச்சியத்துக்குக் கிட்ட. இடைப்பட்ட அரைகுறை நிலைதான் சுடும். ஆகவே மொஸ்பெட் என்னும் ட்ரான்சிஸ்டரை முழுதாக மூடு, முழுதாகத் திற, நடுவில் எங்கும் நிற்காதே, இதை வினாடிக்கு ஒரு லட்சம் தடவை செய் என்று பணிக்கிறோம். ஆனால் வெறும் சுவிட்ச் கருவிக்கு 12 வோல்ட்டையும் பூச்சியத்தையும் மாறி மாறித்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியது அமைதியான 5 வோல்ட். இங்கேதான் சுருள் வருகிறது.

செம்புக் கம்பியைப் பெரைட் வளையத்தில் சுற்றிய அந்தச் சுருளைப் போல அலட்சியமாகக் கற்பிக்கப்படும் சாமான் வேறில்லை என்பேன். கடுகண்ணாவை இறக்கத்தில் பாரமேற்றிய லொறி எப்படிச் சட்டென்று நிற்காதோ, அப்படியே சுருளுக்குள் ஓடும் மின்னோட்டமும் சட்டென்று நிற்காது. நிறுத்த முயன்றால் அது தனக்குத் தேவையான வோல்டேஜைத் தானே உண்டாக்கிக்கொண்டு பாயும். 100 மைக்ரோஹென்றி சுருளில் ஓடும் 1 அம்பியரை 100 நானோ வினாடிக்குள் நிறுத்தப் பார்த்தால் கணக்குப்படி 1,000 வோல்ட் எழ வேண்டும். 12 வோல்ட் பற்றரியோடு விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ட்ரான்சிஸ்டர் செத்துக் கிடக்கும். ஆகவே சுவிட்ச் திறக்கும் அந்த நொடியில் மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை தயாராக இருக்க வேண்டும். அந்தப் பாதைதான் டயோட். இது தெரிந்த பிறகு சுற்றுப் படத்தில் டயோட்டை அலங்காரமாகப் பார்க்க முடியாது.

இந்தச் சுற்றுக்கு பக் கன்வெர்ட்டர் என்று பெயர். இதன் கணக்கு இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சுற்றுக் காலத்தை 12 பங்காகப் பிரியுங்கள். சுவிட்ச் 5 பங்கு நேரம் மூடியிருக்கட்டும், 7 பங்கு நேரம் திறந்திருக்கட்டும். மூடியிருக்கும்போது சுருளின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் 5 வோல்ட், குறுக்கே நிற்பது 7. ஏழைந்து முப்பத்தைந்து. திறந்திருக்கும்போது சுருளின் குறுக்கே எதிர்த்திசையில் 5 வோல்ட், 7 பங்கு நேரம். ஐயேழு முப்பத்தைந்து. ஏறியதும் இறங்கியதும் சரி. சுருளில் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. 5 வோல்ட் நிலைத்து நிற்கிறது. இந்தச் சமன்பாட்டை வோல்ட்-வினாடிச் சமநிலை என்பார்கள். வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் சுற்று, ஏற்றவும் இறக்கவும் கூடிய சுற்று, கைத்தொலைபேசி சார்ஜருக்குள் இருக்கும் பிளைபேக் சுற்று எல்லாவற்றையும் இந்த ஒரே கணக்கைக் கொண்டு திறக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து எரிக்சன், மக்சிமோவிச் இருவரும் எழுதிய பெரிய பாடநூல் தன் முதல் பகுதியிலேயே இதைத்தான் கையில் தருகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கற்பித்த வி. ராமநாராயணனின் பாடக்குறிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனக்கு அவைதான் கூடுதலாக ஒட்டின. சுற்றிவளைக்காத எழுத்து.

அப்படியானால் லீனியர் ரெகுலேட்டரில் வெப்பமான அந்த 7 வாட் எங்கே போயிற்று? போகவில்லை. பற்றரி அந்த 7 வாட்டைக் கொடுக்கவேயில்லை. சுவிட்ச் மூடியிருந்தபோது சுருள் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டது, திறந்தபோது அதைச் சுமைக்கே கொடுத்துவிட்டது. மிச்சம் என்பது ஒரு சில மைக்ரோ வினாடிகளுக்குச் செம்பைச் சுற்றிய காந்தப்புலத்தில் தங்கிவிட்டு வேலைக்கு வருகிறது.

காகிதத்தில் இவ்வளவுதான். மேசையில் இன்னொரு கதை. சாமான்களுக்குக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள் பழைய கணினிகளின் பவர் சப்ளைகளைக் கழற்றலாம். ஒன்றைக் கழற்றினால் பெரைட் வளையம், டயோட், மொஸ்பெட், கப்பாசிட்டர் என்று ஒரு பாடசாலைக்கே போதுமான சாமான்கள் உதிரும். ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேராக்கினால் கப்பாசிட்டரில் ஏறுவது 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது கொஞ்ச நேரம் உள்ளே காத்திருக்கும். மிச்சம் எங்கே என்ற கேள்விக்கு அங்கே கைவிரலே விடையாகிவிடக் கூடாது.

மேசையில் கட்டிப் பார்க்கும்போது படத்தில் வரையாத சுருள்கள் வந்து சேர்கின்றன. ஒரு சென்றிமீற்றர் கம்பி என்பது சுமார் 10 நானோஹென்றி சுருள். இரண்டு சென்றிமீற்றர் கம்பியில் 10 அம்பியர் மின்னோட்டம் 20 நானோ வினாடிக்குள் நின்றால், அந்தக் கம்பித் துண்டே 10 வோல்ட் துள்ளலை எழுப்பும். ஆகவே சுவிட்ச், டயோட், உள்வாயில் கப்பாசிட்டர் மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்க வேண்டும். ஒரே படத்தை வைத்து இரண்டு பேர் கட்டுவார்கள். ஒருவருடையது குளிர்ச்சியாக ஓடும். மற்றவருடையது கீச்சிட்டு, சுட்டு, பக்கத்து வானொலியைக் கெடுக்கும். கணினியில் போலிச் சுற்றை ஓட்டிப் பார்க்கிற மென்பொருள்கள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அவற்றில் நாம் சொல்லாத சுருள் இருப்பதில்லை. கம்பியின் நீளத்தையும் கப்பாசிட்டரின் சூட்டையும் கை தொட்டுத்தான் படிக்க முடியும். மின்பகு கப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 பாகை ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. பல வருடம் உழைக்கும் என்று வாங்கிய எல்இடி பல்பு ஒரே வருடத்தில் கண்ணை மூடினால், பெரும்பாலும் விளக்குத் துணுக்குகள் நல்லபடியாகவே இருக்கும். மூடிய தொப்பிக்குள் வெந்துபோனது அதன் சின்னக் கன்வெர்ட்டர்தான்.

பேராதனையின் பெயர் இந்தத் துறையில் இன்னொரு இடத்திலும் வருகிறது. அது வெளியே அவ்வளவாகத் தெரியாது. பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1960களின் நடுவில் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1976இல் பட்டம் பெற்றவர் நிஹால் குலரத்ன. மொரட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றி, பின் நியூசிலாந்துக்குப் போய் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1998இல் வெளிவந்த அவருடைய வலு இலத்திரனியல் வடிவமைப்புக் கைநூல் கோட்பாட்டைவிடச் சாமான்களின் குணத்தைப் பேசும் புத்தகம். வேலை செய்து பார்த்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் நான் அவரைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக.

மேலே சொன்ன இரண்டு விடைகளுக்கு நடுவில் அவர் மூன்றாவது ஒன்றைக் கண்டார். லீனியர் ரெகுலேட்டர் சுடும், ஆனால் அது தரும் மின்சாரம் சுத்தமானது. சுவிட்ச் சுற்று சுடாது, ஆனால் இரைச்சலானது. குலரத்னவின் வழி இது. லீனியர் ரெகுலேட்டரை வைத்துக்கொள், அதற்கு முன்னால் தொடரில் ஒரு சூப்பர் கப்பாசிட்டரை வை. சுமைக்குப் போகும் மின்னோட்டம் அந்தக் கப்பாசிட்டர் வழியாகவே போகட்டும். போகிற போக்கில் கப்பாசிட்டர் நிரம்பும், ரெகுலேட்டர் தலையில் விழ வேண்டிய வோல்டேஜைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். நிரம்பியதும் பற்றரியைத் துண்டித்துவிட்டு அந்தக் கப்பாசிட்டரையே மூலமாக வைத்துச் சுமையை ஓட்டு. வெப்பமாகப் போயிருக்க வேண்டியது இப்போது இரண்டாம் தடவை வேலை செய்கிறது. 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும்போது பற்றரியிலிருந்து எடுக்கும் சராசரி மின்னோட்டம் பாதியாகிறது. 42 வீதமாக இருந்த வினைத்திறனின் உச்சவரம்பு 83 வீதத்துக்கு ஏறுகிறது. சுவிட்ச் வினாடிக்கு ஒரு லட்சம் தடவை துடிக்க வேண்டியதில்லை. 1 பாரட் அளவுள்ள கப்பாசிட்டரும் 1 அம்பியர் சுமையும் என்றால் ஒரு வினாடிக்கு மேல் ஆறுதலாக ஒரே நிலையில் இருக்கலாம். வானொலிக்குத் தொல்லையில்லை. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது, இடம் அடைக்கும், சூப்பர் கப்பாசிட்டர் விலை கூடியது. ஆனாலும் பெரும்பாலும் இரண்டே பாதை என்று நினைக்கப்பட்ட இடத்தில் மிச்சத்தை வேறொரு இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசித்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு புறக்குறிப்பு. இன்று மின்சாரக் கார் முதல் சோலார் இன்வெர்ட்டர் வரை பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஐஜிபிடி என்ற ட்ரான்சிஸ்டரைக் கொண்டுவந்தவர் ஜயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்து, 1969இல் அங்கேயே ஐஐடியில் பட்டம் பெற்று, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழ்ச் செய்தித்தாள்கள் ஒரு நடிகரின் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் இடத்தை இவருக்குக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இனி மேசையை விட்டு நாட்டின் மின்வலையமைப்புக்கு வருவோம். கண்டியிலிருந்து திகண வழியாகப் போனால் விக்டோரியா நீர்த்தேக்கம். பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில் கிடக்கிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணையின் தண்ணீரில் 70 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று ஓடுகின்றன, மொத்தம் 210 மெகாவாட். மேலே கொத்மலையில் 201, கீழே ரந்தெனிகலையில் 122. 1980கள் முழுவதும் இந்த நாட்டின் மின்சாரம் என்றால் பெரும்பாலும் இப்படிச் சுழலும் இரும்பு என்றுதான் பொருள். அந்த இரும்பின் நிறைக்குள் ஒரு மிச்சம் சேமிப்பில் இருக்கிறது. எங்கோ ஒரு கம்பி அறுந்தால், தண்ணீர் வாயில் திறந்து பதில் சொல்வதற்குள், சுழற்சியிலேயே தங்கியிருக்கும் சக்தி கொஞ்ச நேரம் முட்டுக்கொடுக்கும். பெரிய நீர்மின் இயந்திரங்களுக்கு அது முழுச் சுமையில் 2 முதல் 4 வினாடிக்கான சக்தி என்பது வழக்கமான கணக்கு.

இனி அதே திகண வீதியில் கூரைகளை நிமிர்ந்து பாருங்கள். 2016இல் கூரைச் சோலாருக்கான சூரியபல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, பேராதனை எங்கும் கூரைகள் கருநீலமாகிவிட்டன. ஒவ்வொரு கூரையின் கீழும் ஓர் இன்வெர்ட்டர், அதாவது மேலே சொன்ன சுவிட்ச்சும் சுருளும் கப்பாசிட்டரும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்றுக்குள் 1,000 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் 400 வோல்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தங்கியிருக்கும் சக்தி 80 ஜூல். முழுச் சுமையில் அது 16 மில்லி வினாடிக்குத்தான் காணும். நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று 20 மில்லி வினாடி. ஒரு சுற்று முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று, இந்த இன்வெர்ட்டர்கள் வலையமைப்பில் ஏற்கெனவே இருக்கும் அலையைப் பார்த்து அதன் பின்னால் நடப்பவை. அலை தடுமாறினால், பாதுகாப்புக் கருதி ஒதுங்கிக்கொள்ளும்படி அவற்றுக்குக் கட்டளை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்காக அந்தக் கட்டளை அவசியம். கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறதே என்று குறைப்படுகிறவர்களுக்கு அதுதான் பதில்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல், நல்ல வெயில், தொழிற்சாலைகள் மூடியிருக்கின்றன. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக வலுசக்தி அமைச்சர் சொன்னார், நாடு முழுவதும் இருண்டது. உலகமே குரங்கைப் பார்த்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம். சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகமாகவும் சுழலும் இயந்திரங்களின் பங்கு குறைவாகவும் இருந்த வேளை அது என்று மின்சார சபை பின்னர் விளக்கியது. அந்த விளக்கம் சிரிப்புக்குள் மூழ்கிப்போயிற்று. ஒரு குரங்குக்கு ஒரு நாட்டை அணைக்கும் பலம் கிடையாது. முட்டுக்கொடுக்க இரும்பு போதாமல் இருந்தது, கன்வெர்ட்டர்களுக்கு முட்டுக்கொடுக்க நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அதிர்வில் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோக, அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு வேறொரு அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. எரிபொருளுக்கு டொலர் இல்லாமல் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்த நாடு, மூன்று வருடத்தில் வெயிலை வேண்டாம் என்று சொன்னது. பலருக்கு ஆத்திரம், கடன் எடுத்துச் சோலார் போட்டவர்களுக்கு நியாயமான ஆத்திரம். ஆனால் ஓடைக்கரைக் கொட்டகையில் இரவு நடந்தது இங்கே பகலில் நடக்கிறது. ஊர் விடுமுறையில் இருக்கிறது, சூரியனுக்கு அது தெரியாது, மிச்சம் போக இடமில்லை. கிராமத்துச் சங்கம் அதற்கென்று ஒரு ஹீட்டரை முதல் நாளே வாங்கி வைத்திருந்தது. நாடு வாங்கி வைக்கவில்லை.

வாங்கி வைக்கக்கூடியவை இருக்கின்றன, ஹீட்டரைவிட நல்லவை. அரநாயக்க, நாவலப்பிட்டிப் பகுதியில் மிச்ச மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கும் 600 மெகாவாட் திட்டம் ஒன்று நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. பற்றரிகள் இன்னொரு வழி. அவற்றோடு, அலையைப் பின்தொடராமல் தானே அலையை உண்டாக்கி நிற்கும் வகை இன்வெர்ட்டர்கள் தேவை. சுழலும் இரும்பு செய்த வேலையைக் கட்டளை நிரலால் செய்து காட்டும் கருவிகள் அவை. அந்த நிரலை எழுதுகிறவர் யார், எந்த நாட்டில் எழுதியதை நாம் வாங்கப்போகிறோம் என்பது வெறும் வர்த்தகக் கேள்வியாக எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. கண்டி மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை, சுருளை மின்காந்தத் தூண்டல் அத்தியாயத்தில் சந்திக்கிறது. டயோட்டையும் ட்ரான்சிஸ்டரையும் இலத்திரனியல் அத்தியாயத்தில் சந்திக்கிறது. இந்த மூன்றும் ஒரு பலகையில் ஒன்றாக உட்கார்ந்து, தன் கையிலிருக்கும் தொலைபேசியின் சார்ஜராகவும் அயல்வீட்டுக் கூரையின் இன்வெர்ட்டராகவும் ஆகின்றன என்பதை யாரும் காட்டுவதில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அது நல்ல வாய்ப்பு. ஆனால் தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் ஒன்றாகக் கிடைப்பது இன்னும் அபூர்வம். பல்கலைக்கழகம் போனால் எல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளை மொழியோடும் பாடத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறது, பாடம்தான் முதலில் தோற்கிறது. ஏழைந்து முப்பத்தைந்து, ஐயேழு முப்பத்தைந்து என்று ஆறாம் வகுப்புக் கணக்கில் சொல்லக்கூடிய ஒரு விஷயத்தை இருபது வயதில் ஆங்கிலத்தில் குறியீடுகளாக முதன்முதலில் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இந்த மலைத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் இயந்திரங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டின. தேசிய மின்கம்பி வந்ததும் பல துருப்பிடித்துப் போயின. அவற்றை ஓட்டியவர்கள், எண்ணெய் போட்டவர்கள், சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர்கள் பலர் லயங்களில் வாழ்ந்த நம்மவர்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அடுத்த தலைமுறை இயந்திரம் சத்தமே போடாது. கேட்டுப் படிக்க வழியில்லாததால் அதைப் பற்றி யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

பேராதனையில் மின் பொறியியல் படித்து முடித்த தமிழர்கள் கண்டியிலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது சின்ன விஷயம். ஒரு பெரைட் சுருள், ஒரு டயோட், ஒரு மொஸ்பெட், ஒரு கப்பாசிட்டர், ஒரு 12 வோல்ட் பற்றரி, ஒரு சின்ன பல்பு. இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு நீங்கள் படித்த பாடசாலைக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். தமிழில் சொல்லுங்கள். சொன்னதைப் பத்துப் பக்கமாக எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.